பேரி சாண்டர்ஸ் பற்றித் தம்பிக்கு

ஃபார்மிங்டன் ஹில்ஸ், மிச்சிகன்
24-11-2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று நீ சொன்னது மனசுக்கு நிம்மதியாக இருந்தது. தைலத்தை விடாமல் தேய்க்கச் சொல். குளிர் ஆரம்பித்துவிட்டதால் உன் அத்தானுக்கு வழக்கமான இருமல்தான், வேறொன்றும் இல்லை.

போன வாரம் நீ போனில் பேசியதே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாப்பா ஓட்டத்தை விட்டுவிட்டாள் என்று சொல்லும்போது உன் குரல் உடைந்துபோயிற்று. பத்து வயதிலிருந்து விடியற்காலையில் அவளை எழுப்பி மைதானத்துக்குக் கூட்டிப் போனவன் நீ. காலணி தேய்ந்தால் உன் செலவைக் குறைத்து வாங்கிக் கொடுத்தாய். வெளியூர்ப் போட்டி என்றால் ராத்திரி பஸ்ஸில் அவளைத் தூங்கவிட்டு நீ விழித்திருந்தாய். நானூறு மீட்டரில் மாநிலச் சாதனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. காலில் அடியில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. இந்த நேரத்தில் பிள்ளை வந்து "போதும்ப்பா" என்றால் எந்த அப்பனுக்கும் நெஞ்சு அடைக்கும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் "கோழைத்தனம்" என்று ஒரு வார்த்தை சொன்னாய் பார், அதை என்னால் ஏற்க முடியவில்லை. போனிலேயே பேசியிருந்தால் நமக்குள் சண்டையாகத்தான் முடிந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து படி.

உனக்கு நான் சொல்ல வந்தது பேரி சாண்டர்ஸ் கதை. கல்யாணமாகி 1990-ல் நான் இந்த ஊருக்கு வந்தபோது டெட்ராய்ட் முழுக்கக் கேட்ட பெயர் அது. உன் அத்தானுடைய கார் கம்பெனியில் திங்கட்கிழமை காலை பேச்சே முந்தின நாள் பேரி எப்படி ஓடினார் என்பதாகத்தான் இருக்கும். முதலில் அந்தக் கம்பெனி நண்பர்களோடு உட்கார்ந்து பேச்சுக்காகப் பார்த்தேன். பிறகு அவர் ஓட்டத்துக்காகவே பார்க்க ஆரம்பித்தேன். அவர் ஆடிய பத்து வருஷத்தில் ஒன்பதை நான் இங்கே இருந்து பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கக் கால்பந்தில் ரன்னிங் பேக் என்று ஓர் இடம் உண்டு. முட்டை வடிவப் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணிக்குள் ஓடுவதுதான் வேலை. நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து அடுத்த அணிக்குப் போய்விடும். கபடியில் பாடிப் போகிறவன் போலத்தான்: தன்னந்தனியாக உள்ளே நுழைய வேண்டும், பிடிக்க வருகிறவர்கள் கூட்டமாக நிற்பார்கள். ஆனால் இங்கே பிடிக்க வருகிறவர்களில் பலர் நூறு கிலோவுக்கு மேல், முழு வேகத்தில் வந்து மோதுவார்கள். ஓர் ஆட்டத்தில் இருபது முறை, இருபத்தைந்து முறை அப்படி மோதி விழுந்து எழ வேண்டும். இந்த இடத்தில் ஆடுகிறவர்களின் தொழில் ஆயுள் சராசரியாக மூன்று வருஷத்துக்கும் குறைவு என்பார்கள். முழங்கால் போகும், தோள் போகும், தலையில் அடிபடும்.

பேரி பிறந்தது 1968 ஜூலை 16, கன்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா நகரம். பதினொரு பிள்ளைகளில் அவர் ஏழாவது. அம்மா ஷெர்லி நர்ஸ். அப்பா வில்லியம் கூரை போடும் தொழிலாளி, தச்சு வேலையும் தெரிந்தவர். கோடை விடுமுறை வந்தால் மகன்களையும் கூரை வேலைக்குக் கூட்டிப் போய்விடுவார். மேலே வெயில், காலடியில் சூடு, தார் வாடை. அந்த வேலையில் பழகிய பிள்ளைக்கு உடம்பு உழைப்பு ஒரு நாளும் பாரமாக இருந்ததில்லை.

வில்லியம் சாண்டர்ஸைப் பற்றி நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். உன்னைப் போலவே பிள்ளையின் ஆட்டத்தில் உயிரையே வைத்திருந்த அப்பா அவர். ஆனால் வாயைத் திறந்து புகழ மாட்டார். உலகத்திலேயே சிறந்த ரன்னிங் பேக் யார் என்று கேட்டால் ஜிம் பிரவுன் என்பார். அடுத்து தானே என்பார். மூன்றாவதுதான் தன் மகன். பேரி உச்சத்தில் இருந்த காலத்திலும் இதையே ஊரறியச் சொன்னவர்.

பேரியின் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். பள்ளியில் அந்த உயரத்தைப் பார்த்தே ஒதுக்கினார்கள். விச்சிட்டா நார்த் பள்ளி அணியில் அண்ணன் பைரன் முதலில் அந்த இடத்தில் ஆடினார். பேரிக்கு நிலையான இடம் கிடைத்தது கடைசி வருஷத்தில், அதுவும் சில ஆட்டங்கள் முடிந்த பிறகு. கிடைத்த முதல் ஆட்டத்திலேயே 274 யார்டு ஓடினார். அப்படியும் அவரைக் கூப்பிட்ட கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடைசியில் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது.

அங்கேயும் காத்திருப்புதான். தர்மன் தாமஸ் என்று ஒரு பெரிய ஆட்டக்காரர் அந்த இடத்தில் இருந்தார். பேரி இரண்டு வருஷம் அவர் பின்னால் நின்றார். முகம் சுளிக்கவில்லை, வேறு கல்லூரிக்குப் போகிறேன் என்று கிளம்பவும் இல்லை. தர்மன் போன பிறகு வந்தது 1988. பதினொரு ஆட்டத்தில் 2,628 யார்டு, 37 டச்டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டியது 37 தடவை. இன்றுவரை கல்லூரி ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரே பருவத்தில் யாரும் இப்படி ஓடியதில்லை என்று அந்த வருஷத்தைத்தான் காட்டுகிறார்கள்.

கல்லூரி ஆட்டக்காரர்களுக்குத் தரும் ஆகப்பெரிய விருது ஹைஸ்மன். அது அறிவிக்கப்பட்ட நாளில் பேரி டோக்கியோவில் இருந்தார். அங்கே அவர்களுக்கு ஒரு பந்தயம். நியூயார்க்கில் மேடை போட்டுக் காத்திருந்தவர்கள் செயற்கைக்கோள் வழியாக அவரோடு பேசினார்கள். கேமரா முன்னால் உட்கார அவருக்கு மனசே இல்லை. இருபது வயதுப் பையன், நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது, அவர் எப்போது முடியும் என்று காத்திருக்கிறார். விருது கிடைத்த பிறகு அதே மைதானத்தில் இறங்கி 332 யார்டு ஓடினார்.

படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. முடித்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணமும் பேரிக்கு இருந்தது. தொழில்முறையில் ஆட வந்த வாய்ப்பை விடக்கூடாது என்பது அப்பாவின் கட்சி. வீட்டில் பிள்ளைகள் பலர், கூரை வேலைச் சம்பளம். வில்லியத்தையும் குறை சொல்ல முடியாது. 1989-ல் எல்லா அணிகளும் ஆள் எடுக்கும் தேர்வில் மூன்றாவது ஆளாக டெட்ராய்ட் லயன்ஸ் அவரை எடுத்தது. கையெழுத்துப் பணம் வந்ததும் பத்தில் ஒரு பங்கை விச்சிட்டாவில் தன் குடும்பம் போகும் தேவாலயத்துக்குக் கொடுத்தார்.

இனிதான் நீ கவனமாகப் படிக்க வேண்டியது. அந்த முதல் வருஷத்தின் கடைசி ஆட்டம் அட்லாண்டாவில். லயன்ஸ் ஜெயித்தாயிற்று, நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பருவத்தில் யார் அதிக யார்டு ஓடினார் என்ற பட்டத்தில் கன்சாஸ் சிட்டியின் கிறிஸ்டியன் ஒகோயே 1,480-ல் இருக்கிறார். பேரி 1,470. இன்னும் பத்தே யார்டு தொட்டால் சமம், ஓர் அடி கூட வைத்தால் பட்டம் அவருக்கு. அவருக்கு அது இரண்டு ஓட்டம். பயிற்சியாளர் வேய்ன் ஃபோன்ட்ஸ் விஷயத்தைச் சொல்லி, உள்ளே போகிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டார் பேரி. ஜெயித்தாயிற்று, வீட்டுக்குப் போகலாம் என்ற மனநிலை. அவர் இடத்தில் வேறு ஒருவர் ஓடினார். பட்டம் ஒகோயேவுக்குப் போயிற்று.

இருபத்தோரு வயதில், முதல் வருஷத்திலேயே, கைக்கெட்டும் பட்டத்தை ஒருவர் இப்படி விட்டார். அதை யாரும் கோழைத்தனம் என்று சொல்லவில்லை. பெருந்தன்மை என்றுதான் எழுதினார்கள். பத்து வருஷம் கழித்து அதே மனிதர் அதே காரியத்தைப் பெரிய அளவில் செய்தபோதுதான் ஊருக்குக் கோபம் வந்தது.

அவர் ஓடியதை உனக்கு எழுத்தில் காட்ட எனக்கு ஆசை. 1994-ல் நியூ இங்கிலாந்து அணியோடு ஓர் ஆட்டம். பேரி கூட்டத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டார். முன்னால் ஹார்லன் பார்னெட் என்ற ஒரே தடுப்பாளர். பார்னெட் நல்ல ஆட்டக்காரர், சரியான இடத்தில் கால் ஊன்றித்தான் நின்றார். பேரி ஓட்டத்தை ஒரு கணம் நிறுத்தினார். இடுப்பு ஒரு பக்கம் போயிற்று, கால் இன்னொரு பக்கம் போயிற்று. பார்னெட் இடுப்பை நம்பித் திரும்பினார், திரும்பியவர் அப்படியே ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டார். அவர் மறுபடி முகம் திருப்பிப் பார்ப்பதற்குள் பேரி தாண்டிப் போய் டச்டவுன் போட்டாயிற்று. கைகூடப் படவில்லை.

இன்னொன்று 1992 ஜனவரி 5, டல்லஸ் கௌபாய்ஸோடு நாக்-அவுட் ஆட்டம். பந்தை வாங்கி உள்ளே நுழைந்ததும் எதிரணிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான்கைந்து பேர் அவர் மேல் கை வைத்துவிட்டார்கள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் அவ்வளவுதான் என்று நினைத்தோம். அந்தக் குவியலுக்குள்ளேயே குனிந்து, ஒரு காலில் நின்று, திரும்பி, மறுபக்கத்தில் வெளியே வந்தார். 47 யார்டு, டச்டவுன். அந்த ஆட்டத்தை லயன்ஸ் 38-6 என்று ஜெயித்தது.

டச்டவுன் போட்டால் இந்த ஊரில் ஆட்டக்காரர்கள் பந்தைத் தரையில் ஓங்கி அடிப்பார்கள், நடனம் ஆடுவார்கள். அது அவரவர் சந்தோஷம். பேரி ஒரு முறைகூடச் செய்ததில்லை. பந்தை எடுத்துக்கொண்டு போய் நடுவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பார். பத்து வருஷம், 99 தடவை ஓடிப் போட்ட டச்டவுன், ஒவ்வொரு முறையும் அதே மாதிரி. அந்த நடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: இவருக்கு வேண்டியது ஓடும்போதே கிடைத்துவிட்டது, பிறகு கைதட்டல் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்.

எப்போதும் ஜெயித்தவர் என்று நினைத்துவிடாதே. வழி கிடைக்காவிட்டால் பின்னால் ஓடி வேறு வழி தேடுவார், அங்கேயே பிடிபட்டு யார்டு இழப்பதும் உண்டு. அந்த மாதிரி இழந்ததை மட்டும் கூட்டினாலே ஆயிரம் யார்டைத் தாண்டும். 1994-ல் 1,883 யார்டு ஓடினார். அந்தப் பருவத்தின் நாக்-அவுட் சுற்றில் கிரீன் பே அணி அவரைப் பதின்மூன்று முறை பிடித்து நிறுத்தியது. மொத்தக் கணக்கு மைனஸ் ஒரு யார்டு. அத்தனை பெரிய ஆளுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. அடுத்த வருஷம் மறுபடி வந்து 1,500 யார்டு ஓடினார். ஆடிய பத்துப் பருவத்திலும் ஆயிரம் யார்டைத் தாண்டினார். முழங்கால் அடிபட்டு ஐந்து ஆட்டம் ஆடாமல் இருந்த 1993-லும் தாண்டினார்.

ஆனால் அணி? அந்த டல்லஸ் வெற்றிக்கு அடுத்த வாரம் வாஷிங்டன் 41-10 என்று தோற்கடித்தது. அதற்குப் பிறகு பேரி இருந்தவரை நாக்-அவுட் சுற்றில் ஓர் ஆட்டம்கூட லயன்ஸ் ஜெயிக்கவில்லை. இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை அவர் எட்டவே இல்லை.

தோல்வி மட்டும் இல்லை, தம்பி. 1991 நவம்பரில் மைக் அட்லி என்ற ஆட்டக்காரர், பேரிக்கு வழி திறந்துவிடும் முன்வரிசையில் நிற்பவர், ஒரு மோதலில் கழுத்தெலும்பு நொறுங்கி விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் கொண்டு போகும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மறுபடி அவர் ஆடவில்லை, மார்புக்குக் கீழே செயலற்றுப் போனது. அதே வரிசையில் நின்ற எரிக் ஆன்டோல்செக் அடுத்த ஜூனில் தன் வீட்டு முற்றத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது சாலையை விட்டு விலகி வந்த லாரி மோதி இறந்துபோனார். ஏழெட்டு மாதத்தில், பக்கத்தில் நின்ற இரண்டு பேர் போயாயிற்று.

பிறகு 1997. அந்தப் பருவத்தில் பேரி முதல் இரண்டு ஆட்டத்தில் சேர்த்து 53 யார்டுதான் ஓடினார். வயது 29, முடிந்துவிட்டது என்று பேசினார்கள். அடுத்த பதினான்கு ஆட்டத்திலும், ஒன்றுகூட விடாமல், நூறு யார்டுக்கு மேல். நவம்பரில் நன்றி நாள் ஆட்டத்தில் 167 யார்டு, மூன்று டச்டவுன். எரிக் டிக்கர்சனைத் தாண்டி, வாழ்நாள் கணக்கில் வால்டர் பேட்டனுக்கு அடுத்த இடத்துக்கு வந்தார்.

டிசம்பர் 21, கடைசி ஆட்டம், நியூயார்க் ஜெட்ஸோடு. பான்டியாக்கில் சில்வர்டோம் என்ற அரங்கம், காற்றழுத்தத்தில் நின்ற வெள்ளைக் கூரை. உன் அத்தான் டிக்கெட் வாங்கியிருந்தார், நானும் போயிருந்தேன். 2,000 யார்டு என்ற எல்லையை அதுவரை இரண்டே பேர் தொட்டிருந்தார்கள். பேரிக்கு 131 தேவை. 184 ஓடினார், 2,053 என்று முடித்தார். அதே ஆட்டத்தில்தான் லயன்ஸின் இளம் ஆட்டக்காரர் ரெஜி பிரவுன் ஒரு பிடிமானத்தில் விழுந்து அசையாமல் கிடந்தார். மூச்சு நின்றுவிட்டது. மைதானத்திலேயே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்தார்கள். இரண்டு அணிக்காரர்களும் முழந்தாளிட்டு நின்றார்கள். அத்தனை ஆயிரம் பேர் இருந்த அரங்கத்தில் காற்று இயந்திரத்தின் சத்தம் கேட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான அம்மாள் முன்னே பின்னே தெரியாத என் கையைப் பிடித்துக்கொண்டார். ரெஜி பிழைத்துவிட்டார், பிறகு நடக்கவும் செய்தார். அதற்குப் பிறகு ஆடவில்லை.

அந்த ஒரு மாலையில் பேரிக்கு இரண்டும் நடந்தன: வாழ்நாளின் மிகப்பெரிய சாதனையும், கூட ஆடிய பையன் மூச்சில்லாமல் கிடந்ததும். அதனால்தான் அவர் விலகினார் என்று நான் சொல்ல மாட்டேன், அவரும் சொன்னதில்லை. ஆனால் நீ நினைப்பது போல ஓட்டத்தின் கணக்கு யார்டிலும் நொடியிலும் மட்டும் இல்லை. ஓடுகிறவர் உள்ளே எதையெல்லாம் சுமக்கிறார் என்பது வெளியே நிற்கிற நமக்குத் தெரியாது.

1998-ல் லயன்ஸ் பதினாறு ஆட்டத்தில் பதினொன்று தோற்றது. பேரியின் நெருங்கிய நண்பர், முன்வரிசையின் நடுவில் நின்ற கெவின் குளோவரை நிர்வாகம் அதற்கு முன்பே போகவிட்டிருந்தது. ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணமே இந்தக் கழகத்துக்கு இல்லை என்று பேரிக்குத் தோன்றிவிட்டது. இதைப் பின்னாளில் தன் வாழ்க்கை நூலில் அவரே எழுதினார். அந்த வருஷமும் அவர் 1,491 யார்டு ஓடியிருந்தார்.

1999 ஜூலை 27. பயிற்சி முகாம் தொடங்க இருந்த நேரம். பேரி தன் சொந்த ஊர்ப் பத்திரிகையான விச்சிட்டா ஈகிளுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு லண்டனுக்கு விமானம் ஏறினார். ஆட்டத்தில் இருக்கும் ஆசையைவிட வெளியேறும் ஆசை பெரிதாகிவிட்டது என்பதுதான் அதன் சாரம். எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தார். செய்தியாளர் கூட்டம் இல்லை, விடைபெறும் ஆட்டம் இல்லை. வயது 31. உடம்பில் ஒரு குறையும் இல்லை.

அப்போது அவர் கணக்கு 15,269 யார்டு. பேட்டனின் சாதனை 16,726. நடுவில் 1,457. பேரிக்கு அது ஒரு வருஷத்து வேலை. ஒரே ஒரு வருஷம்!

ஊர் கொதித்தது. எங்கள் தெருவில் ஒரு பையன் அவர் எண் 20 போட்ட சட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டதை நான் பார்த்தேன். ஏமாற்றிவிட்டார், ஓடிப்போய்விட்டார் என்றார்கள். முன்பணமாக வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்று கழகம் கேட்டது, நடுவர் தீர்ப்பும் கழகத்துக்கே சாதகமாக வந்தது. பேட்டனின் சாதனையை 2002-ல் டல்லஸின் எம்மிட் ஸ்மித் தாண்டினார். பேரி திரும்பி வரவில்லை. வந்திருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

ஏன் நின்றார் என்று இருபத்தைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போன வருஷம் அதைப் பற்றி ஒரு ஆவணப் படமே வந்தது. அவரை அவர் பிள்ளைகளே அதில் கேட்கிறார்கள். எனக்கு அது பெரிய புதிர் இல்லை. அட்லாண்டாவில் பத்து யார்டு மிச்சமிருக்கும்போது வெளியே உட்கார்ந்தவர்தான் அவர். ஓட்டம் பிடித்திருந்தவரை எந்தத் தோல்வியிலும் ஓடினார். மைனஸ் ஒரு யார்டு ஓடிய பிறகும் திரும்பி வந்தார். பிடிப்பு விட்டுப்போன அன்று, எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் நின்றார். பட்டத்துக்காக அவர் ஒரு நாளும் ஓடியதில்லை என்பதால் பட்டத்தைக் காட்டி அவரை நிறுத்தி வைக்கவும் முடியவில்லை. பயந்தவர் என்று சொன்னால் அந்தப் பத்து வருஷமும் பொய்யாகிவிடும்.

வில்லியத்தின் கதைக்கும் ஒரு முடிவு இருக்கிறது. 2004-ல் ஓஹியோவின் கேன்டன் நகரில் புகழ் மண்டபத்தில் பேரியைச் சேர்த்தார்கள். யாரை மேடையில் அறிமுகம் செய்ய அழைக்கலாம் என்பது சேர்க்கப்படுகிறவர் விருப்பம். பேரி அழைத்தது தன் அப்பாவை. வாழ்நாள் முழுக்க மகனை மூன்றாம் இடத்தில் வைத்தவர், மகன் சாதனையைத் தொடாமல் நின்றதைப் பார்த்தவர், அவர்தான் அந்த மேடையில் மகன் பக்கத்தில் நின்றார். தம்பி, உனக்கும் பாப்பாவுக்கும் இடையே அது நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பாப்பா என்னோடு பேசினாள். அவள் சொன்னதை உனக்கு எழுதலாமா என்று கேட்டேன், எழுதுங்கள் என்றாள். "அத்தை, முன்னாலெல்லாம் ஓடி முடித்ததும் நன்றாக ஓடினோமா இல்லையா என்று எனக்கே தெரியும். இப்போது அப்பா முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்" என்றாள். உன்னைக் குறையாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னாள். நீ அவளுக்குச் செய்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு வருஷமாக உன்னிடம் சொல்ல முடியாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். பிடித்த ஓட்டத்தில் களைத்துப்போவதைவிட, பிடிக்காத ஓட்டத்தை இரண்டு வருஷம் நன்றாக ஓடுவது கஷ்டம். அதைச் செய்தவளைக் கோழை என்று எப்படிச் சொல்வாய்?

மாநிலச் சாதனைக்கு மிச்சமிருக்கும் அந்த அரை நொடியை உன் மனசிலிருந்து எடுத்துவிடு. அது பாப்பாவின் அரை நொடி, உன்னுடையது இல்லை. அவள் எடுத்துக்கொள்ளலாம், விட்டுவிடலாம். இத்தனை வருஷம் நீ கற்றுக்கொடுத்தது வீணாகவில்லை. விடியற்காலையில் எழுகிறாள், தோற்றால் அழுதுவிட்டு மறுநாள் வேலையைப் பார்க்கிறாள், ஒரு காரியத்தைத் தொடங்கினால் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். இதெல்லாம் மைதானத்தில் உன் கையால் வந்தது. எங்கே போனாலும் அவளோடு போகும்.

இங்கே பேரி மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்துவிட்டது. 2004-ல் அவருடைய எண்ணை மரியாதையோடு ஓய்வு கொடுத்து நிறுத்தினார்கள். போன வருஷம் செப்டம்பரில் லயன்ஸின் அரங்கமான ஃபோர்டு ஃபீல்டு வாசலில் சிலை வைத்தார்கள், பந்தோடு உடம்பைத் திருப்பி ஓடுகிற கோலத்தில். இந்த ஜனவரியில் லயன்ஸ் நாக்-அவுட்டில் ஜெயித்தது. 1992-ல் பேரி ஓடிய அந்த ஆட்டத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி, 32 வருஷம் கழித்து. கிழவர்களும் பையன்களும் 20 எண் சட்டையோடு தெருவில் அழுதார்கள். அந்த 1,457 யார்டைப் பற்றி இப்போது இங்கே யாரும் குறையாகப் பேசுவதில்லை. அவர் ஓடியதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இருபத்தைந்து வருஷம் பொறுத்து ஊர் வந்து சேர்ந்த இடத்துக்கு நீ இந்த வாரமே வந்துவிடலாம். அவள் அப்பா நீ, உனக்கு அவ்வளவு காலம் தேவையில்லை.

நீ செய்ய வேண்டியதை நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சனிக்கிழமை விடுதியிலிருந்து அவள் வீட்டுக்கு வருகிறாள். ஓட்டத்தைப் பற்றி நீயாகப் பேச்செடுக்காதே. அவளாக எடுத்தால் கேட்டுக்கொள். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது "ஏன் விட்டுட்டா?" என்று கேட்டால், "அவ முடிவு, எனக்குச் சம்மதம்" என்று அவள் காதில் விழுகிற மாதிரி சொல். எம்.எஸ்சி. தாவரவியல் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருக்கிறது. உன்னிடம் கேட்கப் பயப்படுகிறாள், நீயே கேள். பாதிக் கட்டணத்தை நான் அனுப்புகிறேன், மறுத்துப் பேசாதே. உன் வீட்டுக்காரியிடம் விஷயத்தை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், அவளுக்கும் இதுதான் விருப்பம்.

பொங்கலுக்கு நாங்கள் வருகிறோம். அம்மாவிடம் சொல். பேசி முடித்ததும் எனக்குப் போன் பண்ணு, எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உன் அக்கா